கடல் இல்லாத ஊரில் கரைக்காவல்

பெங்களூரில் விமானம் தரையைத் தொட்டதும் நான் செய்த முதல் காரியம், கைப்பேசியைத் திறந்து என் கணவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்று பார்த்ததுதான்.

செய்தி வந்திருந்தது. இடத்தைக் குறிக்கும் எண்கள், காற்றின் வேகம், கடைசியில் "இருவரும் நலம், மீன் கிடைக்கவில்லை." மனிதர் எங்கே போனாலும் தூண்டிலைப் போடாமல் இருக்கமாட்டார். நான் நிம்மதியாகப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நாங்கள் பினாங்குக்காரர்கள். செல்வம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மைனா என்று பெயர் கொண்ட ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி அதிலேயே குடியேறிவிட்டோம். இந்த வருடம் லங்காவியிலிருந்து கொச்சி வரை போவதாகத் திட்டம். கிளம்பும் சமயத்தில் என் இடது கண் புரை முற்றிவிட்டது. அறுவை செய்த கண்ணோடு உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருக்க முடியாது. என் பெரியம்மா மகள் மேரி அக்கா பெங்களூரில் ஒரு கண் மருத்துவமனையில் நர்ஸ். "இங்க வாடி, நான் பாத்துக்கறேன்" என்றாள். ஆகவே படகில் செல்வமும் அவருடைய நியூசிலாந்து நண்பர் ராபும். ஆகாயத்தில் நான்.

ஆனால் எனக்கும் ஒரு வேலை இருந்தது. பெருங்கடலைக் கடக்கிறவர்களுக்குக் கரையில் ஒரு ஆள் வேண்டும். காலையும் மாலையும் சின்னச் செயற்கைக்கோள் கருவியிலிருந்து படகு இருக்கும் இடம் அந்த ஆளுக்கு வரும். வராவிட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். எங்கள் ஒப்பந்தம் எளிமையானது. ஒரு முறை தவறினால் பதறாதே. மறுமுறையும் தவறினால் படகுக்காரர்களின் குழுவுக்குச் சொல். அதற்கடுத்ததும் தவறினால் கடல் மீட்பு மையத்தை அழை. இதுவரை ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

விமான நிலையத்திலிருந்து அக்கா வீடு இருக்கும் ஜீவனஹள்ளிக்கு டாக்ஸி பிடித்தேன். பினாங்கிலிருந்து லங்காவிக்கு முன்பெல்லாம் விரைவுப் படகில் போகிற நேரம், கிட்டத்தட்ட மூன்று மணி, ஆனது. "ஹெப்பாள் தாண்டிட்டா ஆச்சு மேடம்" என்று ஓட்டுநர் சொல்லிக்கொண்டே வந்தார். ஹெப்பாள் தாண்டியது. ஒன்றும் ஆகவில்லை. கடலில் ஒரு தரம் ஊதினால் வலப்பக்கம் திரும்புகிறேன் என்று அர்த்தம். இரண்டு தரம் என்றால் இடப்பக்கம். ஐந்து தரம் ஊதினால், 'உன் எண்ணம் என்ன என்று எனக்குப் புரியவில்லை'. பெங்களூரில் எல்லோரும் எல்லோரையும் பார்த்து ஐந்து தரம் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

மேரி அக்கா வீடு ஒரு சந்துக்குள். மாடியில் ஒரு அறையை எனக்கு ஒழித்து வைத்திருந்தாள். லங்காவி வெயிலில் காய்ந்து போன எனக்கு ஜனவரி பெங்களூர் குளிர்பதனப் பெட்டிக்குள் இருப்பது போல இருந்தது. அக்காவின் கணவர் பிரான்சிஸ் அத்தான் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "கடல்ராணி வந்தாச்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி வரவேற்றார். அவருடைய குரலுக்குக் கலங்கரை விளக்கத்தின் வீச்சு உண்டு.

மறுநாள் காலையில் பசியாற அத்தான் இட்லி வடை வாங்கி வந்தார். வடையை சாம்பாருக்குள்ளேயே முக்கி எடுத்துக் கட்டியிருந்தார்கள். சாம்பாரில் வெல்லம். எனக்கு முதலில் திகைப்பாக இருந்தது, மூன்றாம் வாய்க்குப் பிறகு பழகிவிட்டது. "மலேசியால இதெல்லாம் கெடைக்குமா?" என்றார். கிடைக்கும், ஆனால் இனிக்காது என்றேன். "அப்ப கெடைக்காதுன்னு சொல்லு" என்றார்.

அன்றே கண் அறுவை சிகிச்சை முடிந்தது. டாக்டர் இளம்பெண். என்ன வேலை என்று கேட்டார். படகில் குடியிருக்கிறேன் என்றேன். ஹவுஸ்போட்டா, கேரளாவா என்றார். பெருங்கடல் என்றதும் விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு எல்லோருக்கும் சொல்கிற புத்திமதியைச் சொன்னார். குனியக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, சில நாளைக்கு போனையே பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது.

போனைப் பார்க்காமல் கரைக்காவல் எப்படி? அக்காவின் மகள் ரீனா அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். ஐ.டி. கம்பெனியில் வேலை, அந்த வாரம் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, இது எங்க ஆபீஸ்ல சர்வர் விழுந்தா பண்ற வேலை மாதிரியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டு, காலையும் மாலையும் எனக்குச் செய்தியை வாசித்துக் காட்டினாள். வரைபடத்தில் மைனாவைப் புள்ளி புள்ளியாக நகர்த்தினாள். இலங்கைக்குத் தெற்கே பெரிய கப்பல்கள் வரிசையாகப் போகும் தடத்தை அவர்கள் தாண்டிய அன்று, வீட்டில் அவள்தான் முதலில் கைதட்டினாள்.

இந்தக் கடலைக் கடக்கும் படகுக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஜூடித் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி அதைக் கட்டிக் காப்பவர். பல வருடம் கடலோடி இப்போது கரையில் இருக்கிறார். எங்கே திருட்டு, எங்கே விளக்கில்லாத படகுகள், எந்தத் துறைமுகத்தில் கவனம் தேவை என்று எல்லாம் அதில் வரும். நான் கண்ணில் மூடியோடு படுத்திருந்த மதியம் ஒரு செய்தி வந்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒரு பாய்மரப் படகை நோக்கி மீன்பிடிப் படகுகள் வேகமாக வந்தன, ஆட்கள் கைகளை வீசிக் கத்தினார்கள், நாங்கள் இன்ஜினைப் போட்டு விலகி ஓடினோம் என்று ஒரு தம்பதி எழுதியிருந்தார்கள்.

அடுத்த நிமிடமே யாரோ, "கொள்ளையர்கள்" என்று எழுதினார். இன்னொருவர், "அந்தப் பக்கமே போகாதீர்கள்" என்றார்.

ஜூடித் கேட்டதை ரீனா எனக்குத் தமிழில் சொன்னாள். "ஆயுதம் பார்த்தீர்களா? ஏற முயன்றார்களா? எதையாவது தூக்கிக் காட்டினார்களா? கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். என்ன நினைத்தீர்கள் என்பது வேறு வரியில் இருக்கட்டும்."

ஆயுதம் பார்க்கவில்லை, ஏற முயலவில்லை, பயந்துவிட்டோம் என்று அவர்கள் பதில் போட்டார்கள். நான் அதை அப்படியே சுருக்கி செல்வத்துக்கு அனுப்பச் சொன்னேன். மைனா போக வேண்டிய வழி அதுதான். "பார்த்துக்கொள்கிறோம். மீன் இன்னும் இல்லை" என்று பதில் வந்தது.

மறுநாள் பிரான்சிஸ் அத்தான் ஒரு காரியம் செய்தார். மைனாவின் படத்தையும், ரீனா வைத்திருந்த வரைபடத்தையும் சேர்த்து சர்ச் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். "எங்கள் சகலை இப்போது இங்கே இருக்கிறார்" என்று அம்புக்குறி வேறு. எனக்குத் தலை கொதித்தது.

"அத்தான், படகு இப்ப எங்க இருக்குன்னு ஊருக்குச் சொல்லவே கூடாது. போய்ச் சேந்த பிறகுதான் சொல்லணும். முதல்ல அதை எடுங்க."

"நான் என்ன திருடன் கிட்டயா சொன்னேன்? சர்ச் குரூப்ல தானம்மா போட்டேன்."

"சர்ச் குரூப்ல இருந்து அது எங்க போகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழித்தார். மதியச் சாப்பாட்டின் போது என்னோடு பேசவில்லை. அக்கா, "அவரு ஆசைல போட்டாரு, விடு" என்று எனக்கு இன்னொரு துண்டு வஞ்சிர மீன் வைத்தாள். கடலே இல்லாத ஊரில் கடலில் இருக்கிறவரை விட எனக்குத்தான் மீன் கிடைத்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை செய்தி வரவில்லை.

ஒரு முறைதானே என்று இருந்தேன். கருவிக்கு மின்னேற்ற மறந்திருப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன், ஜெபமாலையில் கலந்துகொண்டேன். படுக்கும்போது மட்டும் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

காலையிலும் வரவில்லை.

ரீனா லேப்டாப்பை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்ன எழுதலாம் சித்தி?" என்றாள். எழுத எனக்கு நிறைய இருந்தது. அந்த மீன்பிடிப் படகுகள், கைகளை வீசிய ஆட்கள், கொள்ளையர்கள் என்ற அந்த ஒற்றைச் சொல். ஆனால் வாயைத் திறந்தபோது ஜூடித்தின் கேள்விகள்தான் நினைவுக்கு வந்தன. எனக்கு என்ன தெரியும்? கடைசியாக எங்கே இருந்தார்கள் என்று தெரியும். எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார்கள் என்று தெரியும். படகில் ஓர் அவசரக் கருவி உண்டு. அதைத் திறந்தால் மீட்பு மையத்துக்குச் சமிக்ஞை போய், அங்கிருந்து என்னைத்தான் அழைப்பார்கள். அந்த அழைப்பு வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அதை மட்டும் சொன்னேன். ரீனா தட்டச்சு செய்தாள். "மைனா, வெள்ளை உடல், நீலப் பட்டை, இரண்டு பேர். இரண்டு முறையாகத் தொடர்பு இல்லை. ஆபத்து என்பதற்கு எந்த அடையாளமும் இதுவரை இல்லை." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. ரீனா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையாலேயே அடித்து முடித்தாள்.

ஜூடித் உடனே பதில் போட்டார். அந்த வழியில் இருக்கும் படகுகள் எல்லாம் மணிக்கு ஒரு தரம் வானொலியில் மைனாவைக் கூப்பிடட்டும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு எனக்குத் தனியாக, "சரியாக எழுதினாய். இப்போது ஏதாவது சாப்பிடு" என்றார்.

சாப்பிட விடவில்லை ஊர். என் அழுகுரல் அத்தானுக்குக் கேட்டிருக்கிறது. அவர் பதறிப் போய் சர்ச்சில் யாரிடமோ ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது "தகவல் இல்ல" என்பதுதான், சத்தியமாக. ஒன்றிரண்டு வாய் மாறியதும் அது "காணோம்" ஆகி, மூன்றாவது வாயில் "கடற்கொள்ளைக்காரன் புடிச்சிட்டானாம்" ஆகிவிட்டது. மதியத்துக்குள் மாதர் சங்கத்துப் பெண்கள் ஜெபமாலையோடு படியேறி வந்தார்கள்.

"எவ்ளோ கேக்கறாங்களாம்மா?" என்று ஒரு அம்மா என் கன்னத்தைத் தடவிக் கேட்டாள்.

"யாரும் ஒண்ணும் கேக்கலங்க. அப்படி எதுவும் நடக்கல."

"பாவம், ஷாக்ல இருக்கா" என்று அவள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

அவர்கள் போவதற்குள் மலேசியாவில் கிள்ளானிலிருந்து செல்வத்தின் தம்பி அழைத்தான். அவனுக்கு பெங்களூரில் ஒரு நண்பன், அந்த நண்பனின் மனைவிக்கு அந்தச் சர்ச்சில் ஒரு தோழி. "அண்ணி, அண்ணனைப் பிடிச்சி வச்சிருக்காங்களாமே!" என்று தேம்பினான். அவனை அமைதிப்படுத்தி முடிப்பதற்குள் தெரியாத எண்ணிலிருந்து ஒருவர். "மேடம், நம்ம டி.வி. சேனலுக்கு ஒரு பைட் குடுங்க, ரெண்டு வார்த்தை பேசினா போதும். உங்க ஹஸ்பண்டோட போட் படம் ஏற்கெனவே நம்ம கிட்ட இருக்கு." ரீனா போனை வாங்கி, கன்னடத்தில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "இங்க அப்படி யாரும் இல்லன்னு மரியாதையா சொன்னேன் சித்தி. மரியாதை கொஞ்சம் கம்மி."

பிரான்சிஸ் அத்தான் இதையெல்லாம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் அக்கா.

"ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லிட்டு வரேன். புடிக்கல, போன் வரல, அவ்ளோதான்னு."

வெயிலில் போனார். காக்ஸ் டவுன் வரைக்கும் நடந்தார் என்று பிறகு தெரிந்தது.

மாலையும் செய்தி வரவில்லை. மீட்பு மையத்தை அழைத்தேன். எடுத்தவர் ஓர் அதிகாரி, நிதானமான குரல். படகின் நீளம், பாயின் நிறம், குடிநீர் எவ்வளவு, இருவரின் வயது, உடல்நிலை, கடைசி இடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கிளம்புவதற்கு முன் செல்வமும் நானும் மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் பேசிய போது நான் அலுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. "அவசரக் கருவியிலிருந்து எங்களுக்கு எதுவும் வரவில்லை அம்மா. அந்தப் பகுதியில் போகும் கப்பல்களுக்குச் சொல்லி வைக்கிறோம்" என்றார் அவர். அம்மா என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்த இரவைக் கடந்தேன்.

காலையில் கண் பரிசோதனை இருந்தது. போகமாட்டேன் என்றேன். "உன் கண்ணு போச்சுன்னா அவரு வந்து என்னைத்தான் கேப்பாரு" என்றாள் அக்கா. அவள் அந்த வாக்கியத்தில் 'வந்து' என்று சொன்னதற்காகவே கிளம்பினேன். ரீனா ஆட்டோ பிடித்தாள்.

ரயில் பாலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டோம். முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் எல்லோரும் ஐந்து தரம் ஊதினார்கள். அப்போது ரீனாவின் மடியில் போன் அதிர்ந்தது. அவள் வாசித்தாள், திரும்ப ஒருமுறை வாசித்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுடி!"

"சித்தி... பேசிட்டாங்களாம்."

ஒரு ஜெர்மன் தம்பதியின் படகு மைனாவுக்குக் கொஞ்ச தூரம் பின்னால் வந்துகொண்டிருந்திருக்கிறது. அவர்கள் மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதிகாலையில் வானொலி எட்டும் தூரத்துக்குள் வந்ததும் மெல்லிய குரலில் பதில் கிடைத்திருக்கிறது. இருவரும் நலம். அலை ஒன்று மேல்கதவு வழியாக உள்ளே கொட்டி, செயற்கைக்கோள் கருவி நனைந்து செத்துவிட்டது. கொச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். "ஜெயாவிடம் சொல்லுங்கள், மீன் கிடைத்துவிட்டது."

அந்த வரியைக் கேட்டதும் நான் அழ ஆரம்பித்தேன். ரீனாவும் அழுதாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"என்னாச்சு மேடம்? யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்லங்க, கெடச்சிட்டாரு. எங்க வீட்டுக்காரரு. கடல்ல."

"கடல்லயா?" என்று அவர் லாரியைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். "சரி, கெடச்சாருல்ல. அது போதும். கண்ணத் தொடாதீங்க மேடம், ஆபரேஷன் கண்ணு." பிறகு, வழி கிடைத்ததும், கேட்காமலேயே ஒரு பேக்கரி வாசலில் நிறுத்தினார். "நல்ல சேதி வந்தா வாய் இனிக்கணும்" என்றார். மூன்று பேரும் நின்றுகொண்டு தேன் கேக் சாப்பிட்டோம். ரீனா அங்கேயே நின்று மீட்பு மையத்துக்கும் கிள்ளானுக்கும் அக்காவுக்கும் சொன்னாள். என் வாழ்க்கையில் நான் சாப்பிட்டதிலேயே நல்ல கேக் அது. மருத்துவமனைக்குத் தாமதமாகப் போனோம். டாக்டர் என் கண்ணைப் பார்த்து, "அழுதீங்களா?" என்று கேட்டார். சந்தோஷமாகத்தான் என்றேன். "கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது" என்று சிரித்தார். நல்லவேளை, ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

கேரளக் கரையோரம் போன் சிக்னல் கிடைத்ததும் செல்வம் அழைத்தார். முதலில் கண்ணைப் பற்றிக் கேட்டார். பிறகு சொன்னார்.

கன்னியாகுமரிக்குத் தெற்கே அவர்களை நோக்கியும் மீன்பிடிப் படகுகள் வந்திருக்கின்றன. ஆட்கள் கை வீசிக் கத்தியிருக்கிறார்கள். ராப் வெளிறிப் போய் இன்ஜினைப் போட ஓடினாராம். செல்வம் காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார். காற்றோடு தமிழ் வந்திருக்கிறது. "வலை கெடக்கு! தெக்க போங்க! தெக்க!"

"அவங்க வலை மைல் கணக்குல மிதந்துகிட்டு இருந்துச்சு ஜெயா. இன்ஜினோட அதுக்குள்ள போயிருந்தா படகோட விசிறியில வலை சுத்திக்கிட்டு நடுக்கடல்ல நின்னிருப்போம். நான் தமிழ்ல பதில் சொன்னதும் அவங்களுக்கு ஒரே சிரிப்பு. ஒரு பெரிய சூரை மீனைத் தூக்கிப் போட்டாங்க."

"அப்ப மீன் நீங்க பிடிக்கல."

"கெடச்சுதுன்னுதானே சொன்னேன். பிடிச்சேன்னு சொன்னேனா?"

அவர் சொன்னதைக் குழுவில் போட்டோம், பார்த்ததும் கேட்டதும் மட்டும். ஜூடித் முந்தைய செய்தியை அழிக்கவில்லை. அதன் கீழேயே இதைச் சேர்த்தார். அந்தத் தம்பதி பார்த்ததும் உண்மை, செல்வம் கேட்டதும் உண்மை, வருகிறவர்கள் இரண்டையும் படித்துவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டு வரட்டும் என்றார். எல்லாப் படகும் வலையைக் காட்டத்தான் வருகிறது என்று எழுதிவிடாதே என்று எனக்கும் சொன்னார். அவர் சொன்னது சரி. கடலில் நல்லவர்கள் மட்டுமே இருந்தால் இந்தக் குழுவே தேவையில்லை.

கொச்சியில் மைனாவைக் கட்டிவிட்டு, ராபைக் காவலுக்கு வைத்துவிட்டு, செல்வம் ரயிலேறி பெங்களூர் வந்தார். தாடி வளர்ந்து, மூக்குத் தோல் உரிந்து, தரையில் நடக்கும்போது இன்னும் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டு. ஜீவனஹள்ளி சந்தில் அவரைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. என் கன்னத்தைத் தடவிய அதே அம்மா, "எப்பிடிண்ணா அவங்க கிட்டருந்து தப்பிச்சீங்க?" என்று கேட்டாள். பிரான்சிஸ் அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். செல்வம் அந்த அம்மாவுக்குப் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். முழுக்கக் கேட்டுவிட்டு அவள், "மாதா காப்பாத்துனா" என்றாள். அதற்கு நாங்கள் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

மதியம் அக்கா வைத்த கோழிக் குழம்பும் சோறும் தின்றுவிட்டு மாடி அறையில் படுத்தார். கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி, பள்ளி வேன், ஓயாத ஹாரன்கள். ஒன்றும் அவரை எழுப்பவில்லை. நான் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ரீனா எட்டிப் பார்த்து, "போன் வேணுமா சித்தி?" என்றாள்.

வேண்டாம் என்றேன். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.